திருச்சபை யாருக்காக: உள்ளே இருப்பவர்களுக்கா, வெளியே இருப்பவர்களுக்கா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சபையில் நீங்கள் வாலிபர் சங்கச் செயலாளர். சேகரக் கமிட்டியில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) வரவுசெலவுத் திட்டம் வாசித்தபோது, அருட்பணிக்கு, அதாவது சுவிசேஷத்தை வெளியே கொண்டுசெல்லும் ஊழியத்துக்கு, ஒதுக்கியிருந்த தொகையில் ஒரு பகுதியை ஆலயக் கோபுர வேலைக்குத் திருப்பலாமா என்று வாக்குவாதம் வந்திருக்கிறது. "சபை இருப்பதே வெளியே உள்ளவர்களுக்காக" என்றார் ஆயர். "முதலில் நம் ஆடுகளைப் பார்ப்போம்" என்றார் கமிட்டிப் பெரியவர் ஒருவர். அதே வாரத்தில், கல்லூரி நாளிலிருந்து உங்களோடு பழகும் இந்து நண்பர், "நீ என்னோடு பழகுவதும் உங்கள் ஊழியத்தில் சேர்த்திதானா?" என்று கேட்டுவிட்டார். இரண்டையும் ஒன்றாக வைத்து, "திருச்சபையின் நோக்கம்தான் என்ன?" என்று எழுதியிருக்கிறீர்கள். வரவுசெலவுப் பிரச்சினையைவிட நண்பரின் கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது என்பது என் நம்பிக்கை. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆயராகக் கிராமச் சேகரங்களில் ஊழியம் செய்தவன். பிறகு இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்தேன். கத்தோலிக்கத் திருச்சபையையும் பெந்தெகொஸ்தே சபைகளையும் நூல்கள் வழியாகவும் நண்பர்கள் வழியாகவும்தான் அறிவேன். அவற்றைப் பற்றிச் சொல்லும் இடங்களில், உள்ளிருந்து பார்ப்பவர் என்னைவிடச் சரியாகச் சொல்லக்கூடும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். திருச்சபை அனுப்பப்பட்ட கூட்டம் என்பதில் பெரிய மரபுகளுக்குள் இன்று கருத்து வேறுபாடு இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட அருட்பணி ஆணை, பயணத்திலிருக்கும் திருச்சபை தன் இயல்பிலேயே அருட்பணித் தன்மை உடையது என்று சொல்கிறது. சுவிட்சர்லாந்து இறையியலாளர் எமில் புருன்னர் அதற்கு வெகுகாலம் முன்பே, எரிவதால் நெருப்பு இருப்பதுபோல அருட்பணியால் திருச்சபை இருக்கிறது என்று எழுதினார். மதுரை-இராமநாதபுரத்திலும் பின்னர் சென்னையிலும் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், திருச்சபையைக் கடவுளுடைய ஆட்சியின் அடையாளம், கருவி, முன்ருசி என்று மூன்றாகச் சொன்னார். இந்த மூன்றில் பலரும் கருவி என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். முன்ருசி என்பதை நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வரப்போகும் விருந்து எப்படி இருக்கும் என்பதை இப்போதே கொஞ்சம் ருசிக்கத் தருகிற இடமாகச் சபை இருக்க வேண்டும் என்றால், உள்ளே எப்படி வாழ்கிறோம் என்பதும் வெளியே உள்ளவர்களுக்கான செய்திதான்.

உங்கள் ஆயர் சொன்ன வாக்கியம் கான்டர்பரி பேராயராக இருந்த வில்லியம் டெம்பிளின் பெயரில் உலவுகிறது. தன் உறுப்பினரல்லாதவர்களின் நன்மைக்காகவே இருக்கும் ஒரே சங்கம் திருச்சபை என்பது அதன் சாரம். டெம்பிளின் நூல்களில் இந்த வடிவில் அதை யாரும் எடுத்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. 1944-ல் அவர் இறந்த பிறகு, பிறர் நினைவிலிருந்து சொன்னதாகத்தான் அது பரவியது. கருத்து நல்லதுதான். ஆனால் கமிட்டியில் வேதவசனம்போல அதை நிறுத்தி வாதாடும் அளவுக்கு அதற்குப் பலம் கிடையாது. கிறிஸ்து பேதுருவிடம் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவரின் பக்கமும் வேதத்தில் இருக்கிறது.

ஆயரும் பெரியவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் பந்தி விசாரிப்பில் சண்டை வருகிறது. கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. முழுக்க முழுக்க உள்விவகாரம், அதுவும் பணமும் சாப்பாடும் பற்றியது. சபை என்ன செய்தது? ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை வைத்து மட்டும் ஒருவரின் இனத்தை முடிவு செய்ய முடியாது. அந்தக் காலத்து யூதர்களும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் விடுபட்டுப் போனவர்களின் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்களை எடுத்தார்கள் என்று படிப்பதே பொருந்துகிறது என்பது பெரும்பாலான விரிவுரையாளர்களின் கருத்து. நிக்கொலா என்பவர் அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர், அதாவது முன்னர் வெளியே இருந்தவர். இந்த ஏற்பாடு நடந்ததைச் சொன்ன கையோடு லூக்கா எழுதுகிறார்: "தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை எருசலேமில் மிகவும் பெருகிற்று." இரண்டே அதிகாரம் தள்ளி, சமாரியாவுக்கு முதலில் போய்க் கிறிஸ்துவை அறிவிக்கிறவர் யார்? பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்ட அதே பிலிப்பு. விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கத் தெரிந்தெடுத்த ஆள்தான், யூதர்கள் சம்பந்தம் கலவாத சமாரியருடைய பட்டணத்துக்குள் முதலில் போனவர்.

அடுத்து முதல் மூன்று நூற்றாண்டுகள். அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கணக்கெடுப்பும் இல்லை. நூல்களில் வரும் எண்கள் எல்லாம் அறிஞர்களின் மதிப்பீடுகள்தான். ஆனால் அதற்குச் சற்றுப் பிந்தி, நான்காம் நூற்றாண்டில், எதிர்த்தரப்பிலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய ரோமத் தெய்வ வழிபாட்டுக்குத் திரும்பிய பேரரசன் ஜூலியன், 362-ஆம் ஆண்டு வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாசியுசுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள், நம்மவர்களோ நம்மிடமிருந்து உதவி பெறவில்லை என்று வருந்துகிறார். ஊர்தோறும் சத்திரங்கள் அமைக்கவும் உத்தரவிடுகிறார். அந்த மூன்று நூற்றாண்டுகளில் தெருப்பிரசங்கத்துக்கு இடம் குறைவு. துன்புறுத்தல் காலங்களில் ஆராதனைக்குள் வெளியாரைச் சேர்ப்பதற்கே தயங்கினார்கள். அப்படியிருந்தும் ஒரு பேரரசனை உறுத்தும் அளவுக்கு அவர்கள் வாழ்க்கை வெளியே தெரிந்தது.

இனி நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். என் கருத்தை உருவாக்கியது அவருடைய வாழ்க்கைதான். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை குருவானவர். மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் படித்தார், 1895-லிருந்து ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் சுற்றினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டார் கையை எதிர்பாராமல் தாங்களே மிஷனரிகளை அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். ஒரு நூற்றாண்டாகச் சுவிசேஷத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கும் திருநெல்வேலிச் சபை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர்களின் பணம், இந்தியர்களே ஊழியர்கள், இந்தியர்களின் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. வயலும் பனையும் நம்பிப் பிழைத்த குடும்பங்கள் தந்த காணிக்கையில் சங்கம் நடந்தது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைத்து, வாரக் கடைசியில் சபைக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. ஆராதனைக்கு முன் பெண்கள் பையை அவிழ்த்துக் கொட்டும்போது புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே குவியலில் விழும். அதை ஏலம் விட்டுப் பணமாக்குவார்கள்.

சங்கம் தெரிந்துகொண்ட இடம் ஹைதராபாத் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். மொழி தெலுங்கு. 1909-ல் அசரியா குருப்பட்டம் பெற்று, சங்கம் தொடங்கியவரே மிஷனரியாகப் புறப்பட்டார். மற்றவர்களை அனுப்பிவிட்டு மேடையில் இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், முப்பது வயதைக் கடந்த பிறகு புதிய மொழியைக் கற்றுக்கொண்டு, அங்கேயே குடும்பத்தோடு வாழ்ந்தார். மனைவி அன்பு மரியம்மாள், கல்லூரியில் படித்த முதல் தலைமுறைத் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். கிராமப் பெண்களிடையே நடந்த பணியில் பெரும் பகுதி அவருடையது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே மரித்தார்.

தோர்ணக்கல் திருமண்டலத்தில் ஞானஸ்நானம் பெற வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தார். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தன் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வேண்டும் என்று அசரியா ஏற்பாடு செய்திருந்தார். பின்பகுதி பவுலின் வார்த்தை, 1 கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரம். எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை ஊர்ச் சாவடிக்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த மனிதன், சொல்வதற்குத் தன்னிடம் ஒரு செய்தி இருக்கிறது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறான். அவனை உபகாரம் வாங்குகிறவனாக அசரியா பார்க்கவில்லை, அனுப்பப்பட்டவனாகப் பார்த்தார். உங்கள் கமிட்டியில் அருட்பணி என்றால் 'நாம் பணம் அனுப்புவது' என்று மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இந்த நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்.

இதே மனிதர்தான் 1910 ஜூனில், எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசியவர். ஏறக்குறைய 1200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள், அவர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். அயல்நாட்டு ஊழியர்களும் உள்நாட்டு ஊழியர்களும் ஒத்துழைப்பது பற்றிப் பேசும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். பல இடங்களில் அந்த உறவு எஜமான், வேலைக்காரன் உறவாக இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். 1 கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சொற்களின் கூர்மை புரியும். எல்லாம் கொடுத்தும் அன்பு இல்லையென்றால் பயனில்லை என்கிற அதிகாரம் அது. கேட்டவர்களில் சிலர் நெகிழ்ந்தார்கள், சிலருக்குக் கோபம் வந்தது.

'பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்பதும் 'எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்' என்பதும் ஒரே மனிதனின் வாயிலிருந்து வந்தவை. அசரியாவுக்கு இவை இரண்டு வேறு பக்கங்களாகத் தோன்றவே இல்லை. நட்பு இல்லாத அருட்பணியை அவர் வாங்கிக்கொண்ட இடத்திலிருந்து அறிந்திருந்தார். அது எப்படி வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் நண்பர் கேட்டதும் ஏறக்குறைய அவர் கேட்டதுதான்.

தோர்ணக்கல்லில் இன்னொன்றும் நடந்தது. 1920-களிலும் 1930-களிலும், ஒதுக்கப்பட்ட மக்களுக்குப் பின்னால் ஊருக்குள் இருந்த சாதிக்காரர்களும் ஞானஸ்நானம் கேட்டு வரத் தொடங்கினார்கள். காரணம் கேட்டபோது, மாலா, மாதிகா மக்களிடம் கண்ட மாற்றத்தையே பலர் சொன்னார்கள். குடி விட்டது, பிள்ளைகள் படிக்கிறார்கள், சுத்தம் வந்தது, பழைய பயம் போயிற்று. அசரியா இதை மறுபடி மறுபடி எழுதினார். மேலே இருப்பவர்களைப் பிடித்தால் கீழே இருப்பவர்கள் வருவார்கள் என்று நூறு ஆண்டுகளாக நம்பிவந்த மிஷன்களுக்கு இது நேர்மாறாக நடந்த காரியம். சபைக்குள் ஒருவரோடொருவர் வாழ்ந்த வாழ்க்கைதான் வெளியே போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் நம்மைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் அல்ல. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் அதை எதிர்த்து மக்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் சில ஊர்களில் தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, திருமணத்தில் சாதி பார்க்கிறோம், திருமண்டலத் தேர்தலில் அணி பிரிவது எதை வைத்து என்று எல்லாருக்கும் தெரியும். வெளியே இருப்பவர்கள் இதை நன்றாகப் பார்க்கிறார்கள். "நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால், அதினால் நீங்கள் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள்" என்றுதான் ஆண்டவர் சொன்னார். எனவே உங்கள் கமிட்டிப் பெரியவர் 'உள்ளே பார்ப்போம்' என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் உள்ளே பார்ப்பது என்றால் கோபுரத்தை உயர்த்துவது என்று அவர் எண்ணினால், அங்கே அவரோடு உடன்பட மாட்டேன்.

கூட்டமாக நடந்த மதமாற்றங்களைப் பற்றி அந்தக் காலத்திலேயே கடும் எதிர்ப்பு இருந்தது. காந்தியடிகள் 1936-ல் ஜான் மாட் (John Mott) என்ற அமெரிக்க மிஷன் தலைவரோடு நடத்திய உரையாடலில், ஹரிஜன மக்களுக்கு இந்த மதப் பிரசங்கத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை என்ற பொருளில், பசுவுக்குச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டார். எடின்பரோ மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் இந்த மாட்தான். காந்தியடிகளின் அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. வறுமையில் இருப்பவனின் தேவையைப் பயன்படுத்தி அவன் மனச்சாட்சியை வாங்கிவிடக் கூடாது என்பதை எந்தக் கிறிஸ்தவனும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மக்களுக்குத் தங்கள் கடவுளைத் தாங்களே தேர்ந்துகொள்ள அறிவில்லை என்ற எண்ணத்தை அசரியா ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. வாஸ்கம் பிக்கெட் என்ற மெதடிஸ்ட் மிஷனரி, இந்த இயக்கங்களில் வந்த கிட்டத்தட்ட நாலாயிரம் பேரிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டு 1933-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பாவமன்னிப்பு, சமாதானம் போன்ற ஆன்மிகக் காரணங்களைச் சொன்னார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் பெற்றோர் கிறிஸ்தவர் என்றார்கள். உறவினர் வந்ததால் வந்தோம் என்பதுபோன்ற சமூகக் காரணங்களும், சிறு பங்கினரிடம் உலக நன்மை எதிர்பார்ப்பும் இருந்தன. தன் மாற்றத்துக்கான காரணத்தை மனிதர்கள் பின்னாளில் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பது சிக்கலானது, எனவே இந்த எண்களை இறுதித் தீர்ப்பாக நான் எடுப்பதில்லை. ஆனால் பிக்கெட் சொன்ன ஒன்று என் சேகர அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஒருவர் எந்தக் காரணத்தால் வந்தார் என்பதைவிட, வந்த பிறகு சபை அவரை எப்படிப் பராமரித்தது, எப்படிப் போதித்தது என்பதுதான் அவருடைய விசுவாசத்தைத் தீர்மானித்தது. அழைத்து வந்துவிட்டு மறந்துபோகும் சபைகளைக் கண்டிருக்கிறேன். அது பெரிய பாவம்.

அசரியாவிடம் நான் மிகவும் மதிக்கும் முடிவு ஒன்று 1932-ஐ ஒட்டியது. பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி (தங்கள் பிரதிநிதியைக் கிறிஸ்தவர்கள் மட்டுமே தெரிந்தெடுக்கும் முறை) கிடைத்தபோது, தன் மக்களுக்கு அது அரசியல் லாபம் என்று தெரிந்தும் அவர் எதிர்த்தார். சபை தன் எண்ணிக்கையையும் உரிமையையும் காத்துக்கொள்ளும் ஒரு வகுப்பாகிவிட்டால், ஞானஸ்நானம் வாக்குச்சீட்டாகிவிடும் என்பது அவர் அச்சம். ஒவ்வொரு புதிய விசுவாசியும் இன்னொரு சமூகத்திலிருந்து பறித்த தலையாகப் பார்க்கப்படுவார். தன் திருமண்டலத்தில் சபையார் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த ஒரு பேராயர் எடுத்த நிலைப்பாடு இது. இன்று சில கூட்டங்களில் ஆத்துமாக்களின் எண்ணிக்கையை மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்குவதைக் காணும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977-ல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் சமயக் கருத்துகளை எடுத்துச்சொல்வது, இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. அந்தத் தீர்ப்பைப் பல சட்ட அறிஞர்கள் விமரிசித்திருக்கிறார்கள், ஆனால் இன்றும் அது நிற்கிறது. சட்டம் எப்படியிருந்தாலும், கிறிஸ்தவர்களே தங்களுக்கு வகுத்துக்கொண்ட வரம்பு அதைவிடக் கண்டிப்பானது. 2011-ல் உலகத் திருச்சபைகள் மாமன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக எவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து, பல சமய உலகில் கிறிஸ்தவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. ஏமாற்று, வற்புறுத்தல், பணத்தாலும் பொருளாலும் ஆசை காட்டுதல் ஆகியவை சுவிசேஷத்துக்கே துரோகம் என்பது அதன் கருத்து. இந்த மூன்று அமைப்புகளும் ஒரே தாளில் கையெழுத்திடுவது அபூர்வம்.

இப்போது உங்கள் நண்பரின் கேள்வி. தம்பி, அவருக்கு நேராகப் பதில் சொல்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். 'இல்லவே இல்லை, நான் உன்னிடம் என் விசுவாசத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன்' என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கிறிஸ்துவை நேசிக்கிறவன் நேசிக்கிற நண்பனிடம் அதை மறைத்து வைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். அவர் வாழ்நாள் முழுவதும் இந்துவாகவே இருந்தாலும் உங்கள் நட்பில் ஒரு துளி குறையாது என்பதை அவர் நம்பும்படி சொல்லுங்கள். அந்த இரண்டாவது பகுதி உங்கள் மனதில் உண்மையா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு நான் கொடுத்த சோதனை எளிமையானது: அவர் 'வேண்டாம்' என்று சொன்ன மறுநாள் நீங்கள் அவர் வீட்டுக்குப் போவீர்களா? அவர் தாயார் மருத்துவமனையில் இருந்தால் இரவில் கண்விழித்து உட்காருவீர்களா? அங்கே அவர்கள் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் காப்பி வாங்கிக் கொடுங்கள். அவர் வீட்டுப் பொங்கலுக்குப் போங்கள், அவருடைய விசுவாசத்தைப் பற்றி அவர் சொல்லும்போது பதில் தயாரிக்காமல் கேளுங்கள். பேதுரு, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனபோது, வீட்டார் மட்டுமல்ல, பேதுருவும் மாறினார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தாம் அதிகாரம் மறைக்கவில்லை.

கருத்து வேறுபாடு தீராத இடங்களும் உண்டு. கிறிஸ்துவை அறியாமல் மரிக்கிறவர்களின் நிலை என்ன என்பதில் பக்தியுள்ள, வேதத்தை மதிக்கும் கிறிஸ்தவர்களே மூன்று நான்கு விதமாக நம்புகிறார்கள். நான் அந்தத் தீர்ப்பைக் கடவுளின் இரக்கத்திடம் விட்டுவிடுகிறேன். அதற்கு மேல் போக எனக்கு அதிகாரம் இல்லை. சபை என்ற அமைப்பே மையமா என்பதிலும் விவாதம் உண்டு. 1938 டிசம்பரில் தாம்பரத்தில், மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியது. அப்போது இந்தியக் கிறிஸ்தவ வழக்கறிஞர்களான செஞ்சையாவும் சக்கரையும், மேலைநாட்டு நிறுவனச் சபையை இந்தியாவில் நடுவது கிறிஸ்துவின் நோக்கமா என்று கூர்மையாகக் கேட்டார்கள். சென்னையின் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் கற்பித்த ஹெர்பர்ட் ஹோஃபர் பின்னாளில் செய்த ஆய்வு, தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெறாமல், எந்தச் சபையிலும் சேராமல், கிறிஸ்துவை வணங்குகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்று காட்டியது. அவர்களில் பலர் பெண்கள். என் சேகரங்களிலும் அப்படிப்பட்டவர்களை அறிவேன். ஆராதனையின் கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்து போய்விடுவார்கள். அவர்களைச் சபைக்கு வெளியே என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் சபை இல்லாமலே விசுவாசம் நிலைக்கும் என்று சொல்லவும் மாட்டேன்; சோதனை காலத்தில் தனியாக நின்றவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கோபுரத்துக்கு வருகிறேன். அசரியாவும் பேராலயம் கட்டினார். இந்துக் கட்டடக் கலையின் தூண்களும் இஸ்லாமியக் கட்டடங்களின் குவிமாடமும் சேர்ந்த அந்த எப்பிபனி பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவர் பேராயராகி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு. கட்டடம் கட்டுவது பாவம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதை முதலில் செய்தார், எதற்குக் காத்திருந்தார் என்பதைக் கமிட்டி கவனிக்கட்டும். உங்கள் சபை தாங்கும் மிஷனரி எங்கே இருக்கிறார், அவர் பெயர் என்ன என்று கமிட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த கூட்டத்துக்கு முன் அவரோடு பேசி, அந்த ஊரின் நிலைமையை அவர் சொன்னபடியே எழுதி வாசியுங்கள். கூடவே, உங்கள் சேகரத்தில் இந்த ஆண்டு யாரும் சந்திக்காத விதவைகள், முதியவர்கள் பட்டியலையும் பெரியவரிடம் கேட்டு வாங்கி, வாலிபர் சங்கம் அந்த வீடுகளுக்குப் போகட்டும். அந்தப் பட்டியலில் பக்கத்துத் தெருவின் கிறிஸ்தவரல்லாத முதியவர்களையும் சேருங்கள், கைப்பிரதி எதுவும் எடுத்துப் போகாமல். கோபுரத்துக்கு, விரும்புகிறவர்களிடம் விசேஷக் காணிக்கையாகத் தனியே எடுக்கலாம், பல சேகரங்களில் அப்படித்தான் கட்டி முடித்திருக்கிறார்கள். அருட்பணித் தொகையைத் தொடாமல் விடும்படி நீங்கள் வாக்களிக்க வேண்டும் என்பதே என் கருத்து.